கல்யாணப் படம் எடுப்பது என் தொழில்

மலேசியாவின் பினாங்கில், பயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்குப் போய்விடுவேன். லெபோ பாசாரில் பூ கட்டுகிறவர்கள், லெபோ குயின் மாரியம்மன் கோயிலில் சாயங்காலம் விளக்கேற்றுகிற பெண்கள், கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்கள் என்று கண்ணில் படுவதையெல்லாம் எடுப்பேன். காசை நினைத்து எடுத்த படங்கள் இல்லை அவை. இன்று கல்யாணப் படம் எடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த ஆசை எப்படித் தொழிலானது என்று பலர் கேட்கிறார்கள், குறிப்பாக நம் பெண்பிள்ளைகள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

வெளிச்சத்தை நான் படித்தது பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில். பினாங்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பகல் வெயில் நேராகத் தலையில் விழும், கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் படத்தில் தெரியும். அதே நேரத்தில் ஒருவரை நடைபாதைக்குள் இரண்டடி தள்ளி நிறுத்தி, தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே கூரை, பின்னால் இருட்டான கடை, முன்னால் தெருவிலிருந்து மெதுவாக வரும் வெளிச்சம். முகம் அப்படியே மலர்ந்து நிற்கும். ஸ்டூடியோ வாடகை கொடுக்க முடியாத காலத்தில் எனக்கு இதுதான் ஸ்டூடியோ. 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்த பிறகும், 2012இல் ஆர்மீனியன் தெருவில் சுவரோவியங்கள் வந்த பிறகும், கூட்டமெல்லாம் அந்த ஓவியங்களைச் சுற்றித்தான். இரண்டு தெரு தள்ளிப் போனால் இன்றைக்கும் நிம்மதியாகப் படம் எடுக்கலாம்.

அடுத்த பள்ளிக்கூடம் தைப்பூசம். முதல் நாள் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் கிளம்பும், 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. வழியெங்கும் தேங்காய் மலைமலையாகக் குவிந்திருக்கும். ரதம் நெருங்கும்போது உடைக்கிற வேகத்தில் சில்லுகள் பறக்கும், லென்ஸ் முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் தெறிக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டரும் பையில் நாலைந்து மெல்லிய துணியும் இல்லாமல் போகக் கூடாது. அதைவிட முக்கியமான ஒன்றையும் அங்கேதான் படிக்க வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் அலகு குத்திக்கொள்கிறவரின் முகத்துக்கு அரை அடி தூரத்தில் லென்ஸை நீட்டுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அவர் விரதம் இருந்து, அருள் வந்து நிற்கிறார். பக்கத்தில் அம்மாவோ மனைவியோ அழுதுகொண்டே "வேல் வேல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குடும்பத்தில் பெரியவர் யாரையாவது பார்த்து, "அண்ணே, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நின்று எடுங்கள். கேட்டு எடுத்த படத்தில் அந்த மனிதர்கள் உங்களை ஏற்றுக்கொண்டது தெரியும். பின்னாளில் கல்யாண வீட்டில் எனக்குக் கைகொடுத்தது இந்தப் பழக்கம்தான்.

சரி, காசு எப்போது வந்தது? பதிவுத் திருமணங்களில் தொடங்கியது. நம் ஊரில் பல ஜோடிகள் முதலில் பதிவு செய்துவிட்டு, மாதங்கள் கழித்து முகூர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். பதிவுக்கு வருகிறவர்கள் இருபது முப்பது பேர், அரை மணி நேர வேலை, வெளிச்சமும் ஓரளவு நன்றாக இருக்கும். கையெழுத்து, மோதிரம், மாலை, அப்புறம் குடும்பப் படம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே எடுத்த படங்களைப் பார்த்துத்தான் முகூர்த்தத்துக்கு வரச் சொல்லிக் கேட்பார்கள். கேட்டவுடன் தனியாகப் போய்விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒருவருக்கு உதவியாளராகப் போங்கள்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்த ஊரில் நம்மவர்கள் இந்தத் தொழிலுக்குள் வந்த வழியே அது. 1860களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக் கலைஞர் பினாங்கில் பல மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். பிரிண்ட் போடவும் கூடமாட உதவவும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பேரைப் பழக்கி வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம். அந்த இருவரும் செய்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நான் உதவியாளராகப் போன அண்ணன் பல வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். கேமராவைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார், சடங்கைப் பற்றித்தான் பேசுவார். "கெட்டிமேளம் காதில் விழுந்த பிறகு கேமராவைத் தூக்காதம்மா. தாலித் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இரு" என்பார். மாங்கல்யத்தைத் தேங்காய் மேல் வைத்து, தட்டோடு சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவார்கள். தட்டு கடைசி வரிசைக்குப் போனால் இன்னும் நேரம் இருக்கிறது. திரும்பி மணவறையை நோக்கி வரத் தொடங்கினால் உங்கள் இடத்தில் போய் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகு எல்லாரும் எழுந்துவிடுவார்கள், கை நிறைய அட்சதை இருக்கும், மாமாக்கள் போனை உயர்த்திக்கொண்டு முன்னால் வருவார்கள். மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் முகத்தை மறைக்காத ஒரே கோணம் பெண் பக்கம், கொஞ்சம் உயரத்திலிருந்து. அதற்காகவே ஒரு சின்ன மடக்குப் படி எடுத்துப் போகிறேன். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவார். அந்த நாத்தனார் எங்கே நிற்பார், விளக்கு யார் கையில் இருக்கும் என்பதைக் காலையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு முறை மாறும்.

குருக்களிடம் பேசாமல் நான் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. "சாமி, கன்னிகாதானத்துக்கு அப்புறம் கூறைப்புடவையா? மெட்டி இங்கேயா, அம்மியிலா?" என்று கேட்டால் அவர் சந்தோஷமாகச் சொல்வார். சடங்கை மதிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால், முக்கியமான இடத்தில் அரை நொடி தாமதித்து நமக்கு ஒரு பார்வை கொடுப்பார். வீடியோ எடுக்கிறவரிடமும் அப்படித்தான். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் இரண்டு பேர் வேலையும் நன்றாக வரும்.

ஒரு குடும்பம் உண்மையில் எதற்காகப் பணம் கொடுக்கிறது என்பது அந்த அண்ணனோடு போன நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. அழகான படம் எடுக்க இன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார். தாலி ஏறும் சில நொடிகள் மறுபடி வராது, அதை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு அந்த அப்பா அம்மா நிம்மதியாக அழ வேண்டும். அந்தப் பொறுப்பைத்தான் விலைக்குக் கொடுக்கிறோம். இரண்டு கேமரா, இரண்டு கார்டு, ஒப்பந்தம், நேரத்துக்கு வருவது, நான் இனிமேல் சொல்லப்போவது எல்லாமே அதிலிருந்து வருகிறவைதான்.

பெண்ணாக இருப்பது இந்த வேலையில் எனக்குப் பெரிய பலம். மணப்பெண் அலங்காரம் செய்யும் அறைக்குள் நான் போகலாம். தலைக்குப் பூ வைக்கும் பாட்டி, ஊசி தேடும் சித்தி, கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுத் திடீரென்று அமைதியாகிவிடும் பெண், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நலங்கிலும் வளைகாப்பிலும் பெண்கள் என் முன்னால் கூச்சமில்லாமல் சிரிக்கிறார்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் அழைக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தப் பிள்ளையின் படத்தை என் இணையப் பக்கத்தில் ஒருபோதும் போட மாட்டேன், பெற்றோர் சம்மதித்தாலும் சரி. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை, நாளைக்கு அவள் வகுப்பில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். ஆல்பம் வீட்டில் இருக்கட்டும். எடுப்பதற்கு முன் அவளைத் தனியாக அழைத்து, "உனக்கு எது பிடிக்கலை, சொல்லும்மா" என்றும் கேட்பேன். சொல்வார்கள்.

நம் தோல் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கணக்குப் போடும் கருவி. வெள்ளை வேட்டி, மல்லிகைச் சரம், வெளிர் நிற மேடை எல்லாம் சேர்ந்தால் அது படத்தை இருட்டாக்கிவிடும், மாநிறமோ கறுப்போ ஆன முகம் முதலில் பாதிக்கப்படும். அதனால் முகத்தை மட்டும் ஸ்பாட் முறையில் அளந்து, அதற்குத் தகுந்தபடி வெளிச்சத்தை நான் கைமுறையாக வைத்துவிடுகிறேன். சிவப்புப் பட்டு இன்னொரு தலைவலி. மஞ்சள் விளக்கில் சிவப்பு வண்ணம் மட்டும் எல்லை மீறி, ஜரிகையும் மடிப்பும் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில், மொத்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது, வண்ணம் வண்ணமாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும்.

அதற்கப்புறம் எடிட்டிங். இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் பிரீசெட்டுகள், அதாவது படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் அமைப்புகள், பலவும் வெளிர் தோலை மனத்தில் வைத்துச் செய்தவை. நம் முகத்தில் போட்டால் ஒன்று ஆரஞ்சு நிறமாகும், இல்லையென்றால் சாம்பல் பூசியதுபோல் ஆகும். உட்கார்ந்து நம் தோலுக்கென்று சொந்தமாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள், அந்த உழைப்பு வீண் போகாது. "கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்க" என்று கேட்கிற வீடுகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை. முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "பொண்ணு எப்படி இருக்காங்களோ அப்படியே, ஆனா நல்ல வெளிச்சத்துல காட்டுவேன்." இதனால் சில வேலைகள் போயிருக்கின்றன. போகட்டும். மஞ்சள் பூசிய, எண்ணெய் மினுங்குகிற, கறுத்த முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது வரும் அழகுக்கு ஈடு எதுவும் கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு அழகா?" என்று கேட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

மண்டப விளக்குகள் பற்றி ஒரு குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் குறுக்குப் பட்டைகளாக வந்துவிடும். ஷட்டரை 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சத்தமே வராத மின்னணு ஷட்டர் இதை மோசமாக்கும், அதனால் மண்டபத்தில் சாதாரண ஷட்டரையே பயன்படுத்துகிறேன். மேடைக்கு வைக்கும் வண்ண எல்இடி விளக்குகள் வேறு வேகத்திலும் மினுங்கலாம். அரை மணி நேரம் முன்னதாகப் போய்ச் சோதித்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

பினாங்கின் ஈரப்பதம் லென்ஸுக்கு எமன். கண்ணாடிக்கு உள்ளே பூஞ்சை பிடித்தால் சுத்தம் செய்கிற செலவில் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம். கேமராப் பையை அலமாரியில் போட்டு மூடி வைக்காதீர்கள். டிரை கேபினெட் ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸ் பனிமூட்டமாகிவிடும், துடைத்தாலும் மறுபடி வரும். ஹோட்டல் அறையில் பெண் அலங்காரம், உடனே கோயில் வாசலில் மாப்பிள்ளை அழைப்பு என்றால், ஒரு கேமராவை முன்பே பையோடு வெளியே வைத்துவிடுவேன்.

எந்தக் கேமரா வாங்குவது என்பதற்கு என் பதில்: பழையது, ஆனால் இரண்டு கார்டு போடக்கூடியது. படம் எடுக்கும்போதே இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். கோலாலம்பூரில் புடு பிளாசா பக்கம் பழைய கேமரா விற்கும் கடைகள் இருக்கின்றன, நேரில் போய் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைக் கேட்டு, லென்ஸை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். பணம் குறைவாக இருந்தால் கேமராவில் மிச்சம் பிடித்து, 35 மி.மீ., 85 மி.மீ. என்று இரண்டு லென்ஸ் வாங்குங்கள். இரண்டாவது கேமரா இல்லாமல் முகூர்த்தத்தைத் தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள், வாடகைக்காவது எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தூங்குவதற்கு முன் மூன்று பிரதிகள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் இணையச் சேமிப்பாக இருக்கலாம், அக்கா வீட்டு அலமாரியாகவும் இருக்கலாம். ஆல்பம் கைக்குப் போகும் வரை கார்டை அழிக்கக் கூடாது.

விலை சொல்வதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சொந்தக்காரர், கோயில் குழுவில் தெரிந்தவர் என்று வருவார்கள். கல்யாணம் ஒரு நாள்தான், ஆனால் படங்களைப் பிரித்து, திருத்தி, ஆல்பம் அடுக்குவது பல நாள் வேலை. அந்த நாட்களுக்கும் கூலி போடுங்கள். பெட்ரோல், பாலத்துக்கு டோல், உதவியாளர் சம்பளம், கேமரா தேய்மானம், ஆல்பம் அச்சு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால், மற்றவர் என்ன விலை சொல்கிறார் என்ற கவலை தானாகக் குறையும். உறவுக்காரர்களுக்கு விலையைக் குறைப்பதற்குப் பதிலாக ஒரு பெரிய படத்தைச் சட்டம் போட்டு அன்பளிப்பாகக் கொடுக்கிறேன். விலை விலையாக நிற்கும், உறவும் கெடாது. பாதிப் பணம் வந்த பிறகுதான் தேதியைக் குறித்துக்கொள்வேன்.

ஒப்பந்தம் எழுதுவதை நம்பிக்கையின்மை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே பக்கத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள், பெரியவர்களும் படிப்பார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை படம், எந்தத் தேதிக்குள், தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் சொல்லி, அவருக்காக எடுத்த படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போனதாகக் கருதப்படும். உங்கள் படத்தை நீங்களே விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். குடும்பம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சண்டை போடாதீர்கள்.

தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு திறக்கலாம், நிறுவனங்களுக்கு பில் கொடுக்கலாம். வருமான வரிக்கு பி படிவம், ஜூன் 30 கெடு. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் முதலாளி கட்டிய ஈபிஎஃப் சேமநிதி இனி கிடையாது, நாமாகக் கட்ட வேண்டும், பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பில் சுயதொழில் செய்கிறவர்களுக்கான திட்டமும் இருக்கிறது. முதுகும் முழங்காலும் தேய்கிற தொழில் இது, இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலையை எப்போது விடுவது? நம் தொழிலில் வருமானம் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் வரும். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் ஒரு மாதம் முகூர்த்தம் இல்லை, டிசம்பர் நடுவிலிருந்து மார்கழியும் அப்படியே. ஆவணியிலும் தையிலும் ஒரே வாரத்தில் மூன்று வேலை வந்து நிற்கும். வெறும் மாதங்களைத் தாண்டத் தெரிந்த பிறகுதான் நான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். அதற்கு ஆறு மாதச் செலவுப் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆடியில் லிட்டில் இந்தியா துணிக்கடைகளுக்குத் தீபாவளிச் சேலைப் படங்கள் எடுத்தேன். உணவகங்களின் மெனுப் படங்கள், யுஎஸ்எம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பின்போது பிள்ளையோடு நிற்கிற அப்பா அம்மாக்கள், தீபாவளிக் குடும்பப் படங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தொழிற்சாலை நிகழ்ச்சிகளுக்குக்கூட இப்போது அழைக்கிறார்கள். அங்கே எந்தக் கோணத்தில் எந்த இயந்திரத்தைக் காட்டக் கூடாது என்பது பழைய வேலையால் எனக்குத் தெரியும்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்க நினைக்கிறவர்கள் அடுத்த ஆடி மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படம் எடுக்கிறவர்களுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும். உங்கள் ஊரில் யாருடைய படம் பிடிக்கிறதோ அவரைப் போய்ப் பாருங்கள். நல்ல இருபது படங்களை அச்சடித்து எடுத்துப் போங்கள், போனில் காட்டாதீர்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு அவருக்குக் கண்டிப்பாக ஆள் தேவைப்படும்.